தானாக ஆறும் புண்ணுக்கு எந்த மருந்து?

உதட்டோரத்தில் முதலில் ஒரு குறுகுறுப்பு. கொஞ்சம் எரிச்சல், லேசான இறுக்கம். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் அதே இடத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பி நிற்கும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உடம்புச் சூடு என்பார் ஒருவர். தூக்கத்தில் ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்பார் இன்னொருவர். சத்துக் குறைச்சல், பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடு என்பார் மூன்றாமவர். வைத்தியமும் அப்படித்தான்: தேங்காய் எண்ணெய், மஞ்சள், தேன், நெய், சுண்ணாம்பு, பற்பசை.

இவற்றில் எதைக் கேட்டு நடந்தாலும் புண் ஆறிவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். எதைத் தடவினாலும் ஏழு முதல் பத்து நாளுக்குள் ஆறும். எதையும் தடவாமல் விட்டாலும் அதே ஏழு முதல் பத்து நாளுக்குள் ஆறும். ஐந்தாம் நாள் மஞ்சள் பூசியவர், எட்டாம் நாள் பக்கு உதிர்ந்ததும் மஞ்சளுக்கு நன்றி சொல்வார். உடல் செய்த வேலைக்கான பெயர், கடைசியாகக் கைக்கு வந்த பொருளுக்குப் போய்ச் சேரும். ஆகவே ‘எது ஆற்றும்?’ என்று கேட்பதில் பயனில்லை. எதை, எந்த நேரத்தில் செய்தால், எத்தனை நாள் மிச்சமாகும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வீட்டு வைத்தியத்தில் எது உதவும், எது உதவாது, எது கெடுக்கும் என்பது தெளிவாகப் பிரியும்.

எந்தப் புண் இது?

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். நாம் வாய்ப்புண் என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

கன்னத்தின் உட்பக்கத்திலோ நாக்கின் ஓரத்திலோ வட்டமாக, நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து வருவது ஒரு வகை. மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துப் போடுவது இதற்குத்தான். இது யாருக்கும் ஒட்டாது. வாயின் இரண்டு கடைவாய் ஓரங்களும் வெடித்து, வாயைத் திறந்தாலே வலிப்பது இன்னொரு வகை. அதற்கு இரும்புச்சத்துக் குறைவோ, பி வகை வைட்டமின் குறைவோ, பூஞ்சைத் தொற்றோ காரணமாக இருக்கலாம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கு ஏதாவது வேலை இருக்குமானால் அது இங்கேதான்.

நாம் பேசும் கொப்புளம் மூன்றாவது வகை. இது உதட்டின் வெளி விளிம்பில், உதடும் தோலும் சேருகிற கோட்டில் வரும். ஒற்றையாக வராமல் கொத்தாக வரும். பெரும்பாலும் போன முறை வந்த இடத்திலேயே, அல்லது அதை ஒட்டியே மறுபடியும் வரும். வருவதற்கு முன் அந்தக் குறுகுறுப்பு முன்னறிவிப்புக் கொடுக்கும். காரணம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், அதிலும் பெரும்பாலும் அதன் முதல் வகை. பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாத்திரைக்கு ஏங்கும் சத்துக் குறைவும் இது இல்லை.

இந்த வைரஸ் அரிதான விருந்தாளியும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதம் பேர், முதல் வகை வைரஸைச் சுமக்கிறார்கள். பலருக்கு அது பிள்ளைப் பருவத்திலேயே, வீட்டுப் பெரியவர்களின் முத்தத்தாலோ எச்சிலாலோ வந்துவிடும். சில குழந்தைகளுக்கு அப்போது காய்ச்சலும் ஈறு வீக்கமும் வாயெல்லாம் புண்ணும் வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றுமே தெரியாது. சுமப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே பிற்காலத்தில் உதட்டில் கொப்புளம் எழுகிறது. மற்றவர்கள் ஆயுள் முழுக்க அறியாமலே இருந்துவிடுகிறார்கள்.

நரம்புக்குள் ஒளிந்திருப்பது

புண் ஆறிய பிறகு வைரஸ் எங்கே போகிறது? இந்தப் புதிர் அவிழ ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோவது டிரைஜெமினல் நரம்பு. அதன் செல்கள் காதுக்கு முன்புறம், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு நரம்புமுடிச்சாகத் திரண்டிருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாங்க முடியாத முக நரம்பு வலிக்காக அந்த முடிச்சில் அறுவை செய்த அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங், சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் முகத்தில் கொப்புளங்கள் எழுவதைக் கவனித்தார். 1929இல் எர்னஸ்ட் குட்பாஸ்சர், வைரஸ் நரம்பின் வழியே பயணம் செய்து அந்த முடிச்சில் தங்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். 1971இல் ஜாக் ஸ்டீவன்ஸும் மார்ஜரி குக்கும், புண் ஆறி நெடுநாள் ஆன எலிகளின் நரம்புமுடிச்சில் வைரஸ் ஒடுங்கிக் கிடப்பதைச் சோதனையில் காட்டினார்கள். மனிதர்களின் டிரைஜெமினல் முடிச்சிலும் அது இருப்பது அடுத்த ஆண்டே உறுதியானது.

உதட்டுத் தோலில் நுழையும் வைரஸ் அங்கே பெருகும்போதே நரம்பு நுனிகளுக்குள்ளும் ஏறிவிடுகிறது. நரம்பிழைக்குள் சரக்கு ஏற்றி இறக்கச் செல்லுக்கென்று புரத மோட்டார்கள் உண்டு. வைரஸ் அவற்றில் தொற்றிக்கொண்டு முடிச்சு வரை போகிறது. அங்கே தன் டி.என்.ஏ.வை மட்டும் நரம்புச் செல்லின் உட்கருவில் வைத்துவிட்டு, ஏறக்குறைய எல்லா மரபணுக்களையும் அடக்கிக்கொள்கிறது. புரதம் எதையும் செய்யாத வைரஸை நோய் எதிர்ப்பு மண்டலத்தால் எளிதில் அடையாளம் காண முடியாது. பெருகாத வைரஸை மருந்தும் தொடாது. உதட்டில் தடவுவது எதுவாக இருந்தாலும், தேனோ விலையுயர்ந்த களிம்போ, இந்த முடிச்சு வரை எட்டுவதில்லை. ‘இனி வரவே வராது’ என்று விற்கப்படும் மருந்துகளை நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

நம்மூரில் அக்கி என்று சொல்வதும் இதே குடும்பத்து நோய்தான். சின்னம்மை வைரஸ் இதேபோல முதுகுத்தண்டை ஒட்டிய நரம்புமுடிச்சுகளில் பதுங்கியிருந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ ஒரு நரம்பின் தடத்தில் பட்டையாகக் கொப்புளம் எழுப்பும். வேளார் வீட்டுக்குப் போய்ச் செங்காவியைக் கரைத்து அக்கி எழுதிக்கொண்டு வருகிற வழக்கம் இன்னும் மறையவில்லை. அக்கியும் சில வாரங்களில் தானாகவே வற்றும். பெயர் காவிக்குப் போகும். ஆனால் அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நல்ல பலன் தரும். எழுதிப் பார்ப்போம் என்று காத்திருந்த நாட்களில் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். உதட்டுக் கொப்புளத்தில் கணக்கு இன்னும் நெருக்கடியானது. அங்கே மணிகளை எண்ண வேண்டும்.

எது எழுப்புகிறது?

ஒடுங்கிக் கிடப்பதை எழுப்புவன சில உண்டு. காய்ச்சல், கடும் வெயில், மன அழுத்தம், தூக்கக் குறைவு, மாதவிலக்கு, பல் பிடுங்குவது, உதட்டில் படும் காயங்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள். மலேரியாவிலும் நிமோனியாவிலும் உதட்டில் கொப்புளம் எழுவதைப் பழைய காலத்து மருத்துவர்கள் ஒரு குறியாகவே பார்த்தார்கள்.

இத்தனை வேறுபட்ட காரணங்கள் எப்படி ஒரே இடத்தில் வந்து முடிகின்றன? 2020இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒரு விடையைச் சுட்டியது. காய்ச்சலிலும், அழுத்தத்திலும், புற ஊதாக் கதிர் தோலைச் சுடும்போதும் உடலில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருள் சுரக்கிறது. எலியின் நரம்புச் செல்களில் அதைச் சேர்த்துப் பார்த்தபோது செல்கள் மிகையாகக் கிளர்ச்சியடைந்தன. அந்தக் கிளர்ச்சியையே வாய்ப்பாக்கி வைரஸ் விழித்தது. ‘உடம்புச் சூடு’ என்ற வீட்டுப் பேச்சு முழுப் பொய்யல்ல. காய்ச்சலும் வெயிலும் அதில் அடங்கும். ஆனால் மாம்பழமும் கோழிக்கறியும் சூடு என்று அதே வரிசையில் சேர்க்கப்படுவதற்கு இந்தக் கதையில் இடம் இல்லை.

வெயிலின் பங்கு சோதித்து அறியப்பட்டது. 1991இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில், அடிக்கடி கொப்புளம் வருகிற 38 பேரின் உதட்டில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். வெறும் களிம்பு பூசியபோது 27 பேருக்குக் கொப்புளம் எழுந்தது. அவர்களே சூரியத்தடுப்புக் களிம்பு பூசிக்கொண்டு வந்து அதே கதிரை வாங்கியபோது ஒருவருக்கும் எழவில்லை. வெளியுலக வெயிலில் செய்த ஆய்வுகள் இவ்வளவு துல்லியமான பலனைக் காட்டவில்லை என்றாலும், வெயிலில் போய்வந்தால் கொப்புளம் வரும் என்று தன் உடம்பை அறிந்தவருக்கு எஸ்.பி.எஃப். 30 உள்ள உதட்டுத் தைலமும் ஒரு தொப்பியும் மலிவான காவல்.

பத்து நாள் கணக்கு

விழித்த வைரஸ் நரம்பின் வழியே மறுபடி உதட்டுக்கு இறங்குகிறது. குறுகுறுப்பு எழும்போதே அது தோல் செல்களில் பெருகத் தொடங்கியிருக்கும். ஒரு நாளுக்குள் தடிப்பு, அடுத்து நீர்க்கொப்புளம், இரண்டு மூன்று நாளில் அது உடைந்து ஈரப் புண், பிறகு தேன் நிறத்தில் பக்கு, கடைசியில் பக்கு உதிர்ந்து கொஞ்சம் சிவந்த தோல்.

நம் கண்ணுக்குப் புண் மோசமாகத் தெரிவது மூன்றாம் நாளிலிருந்துதான். வைரஸின் நேரக்கணக்கு வேறு. புண்ணில் அதன் அளவு உச்சம் தொடுவது முதல் 24 மணி நேரத்தில். ஐந்து நாளுக்கு மேல் புண்ணைத் துடைத்துச் சோதித்தால் பெரும்பாலும் வைரஸ் கிடைப்பதே இல்லை. அதாவது நாம் பதறிப்போய்ப் பக்கின் மேல் களிம்பு பூசும் வேளையில், வைரஸின் வேலை முடிந்து உடலின் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. வைரஸைத் தடுக்கும் மருந்துக்கு அப்போது தடுக்க எதுவும் இல்லை.

அசைக்ளோவிர் என்ற மருந்தின் வழியைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1970களில் அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஹோவர்ட் ஷேஃபர், கெர்ட்ரூட் எலியன் ஆகியோரின் குழு அதை உருவாக்கியது. முனைவர் பட்டப் படிப்பை முடிக்க வாய்க்காத எலியன், மருந்துகளை வடிவமைக்கும் புதிய நெறிகளுக்காக 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அசைக்ளோவிர், டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றைப் போன்ற தோற்றம் கொண்டது. அது செயல்படும் வடிவுக்கு மாற, வைரஸ் தானே தயாரிக்கும் ஒரு நொதி வேண்டும். ஆகவே தொற்றில்லாத செல்களில் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். வைரஸ் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது, இது நிஜப் பொருளென்று நம்பி இழையில் சேர்த்துக்கொள்கிறது. பூத்தொடுக்கும்போது நார் அறுந்தால் சரம் அங்கேயே நின்றுபோவதுபோல, இழை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. நகலெடுப்பு நடக்கும்போதுதான் இந்தச் சூழ்ச்சி பலிக்கும். நடக்காதபோது மருந்துக்கு வேலை இல்லை.

பலனின் அளவையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து சதவீத அசைக்ளோவிர் களிம்பை, குறுகுறுப்பு தொடங்கியதுமே ஒரு நாளைக்கு ஐந்து முறை வீதம் நான்கைந்து நாள் பூசினால் மிச்சமாவது சராசரியாக அரை நாள். வாலசைக்ளோவிர் மாத்திரையை 2 கிராம் வீதம், 12 மணி இடைவெளியில் இரண்டே வேளை விழுங்கினால் ஏறத்தாழ ஒரு நாள் மிச்சம். இதுவும் குறுகுறுப்பு நிலையிலேயே தொடங்கினால்தான். அடிக்கடி வருகிறவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கொப்புளம் வந்த பின் மருத்துவருக்குக் காத்திருந்தால் அந்த ஒரு நாளும் போய்விடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் சுயமாக வாங்கி விழுங்கக் கூடாது.

அடுப்படியில் இருப்பது

ஆய்வுக்கூடத்து மருந்தே அரை நாள், ஒரு நாள்தான் தருகிறது என்றால் அடுப்படிப் பொருள்கள் எப்படி?

தேனுக்கு உண்மையாகவே ஒரு பெரிய சோதனை நடந்தது. நியூசிலாந்தில் கானுக்கா மரத் தேனிலிருந்து செய்த மருத்துவத் தரக் களிம்பை, அசைக்ளோவிர் களிம்புக்கு எதிராக 952 பேரிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அசைக்ளோவிர் பூசியவர்களுக்குத் தோல் பழைய நிலைக்குத் திரும்ப நடுமதிப்பாக 8 நாள்; தேன் பூசியவர்களுக்கு 9 நாள். புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தேன் மருந்துக்குச் சமம் என்று இதை வாசிக்கலாம். இரண்டுமே பெரிதாக எதுவும் செய்யவில்லை என்றும் வாசிக்கலாம். எதுவும் பூசாத மூன்றாவது குழு அந்தச் சோதனையில் இல்லை. தேன் பூசுவதால் கெடுதல் இல்லை, புண் காயாமல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் போதும். ஒரு வயது ஆகாத குழந்தையின் வாயருகே மட்டும் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் விதைகள் அந்தக் குடலுக்கு ஆபத்து.

தேங்காய் எண்ணெய், நெய், வாசலைன் ஆகியவை வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கு காய்ந்து, பேசும்போதும் சிரிக்கும்போதும் வெடித்து ரத்தம் கசிவதைத் தடுக்கும். ஈரம் காக்கப்பட்ட புண் வலி குறைவாக ஆறும். டப்பாவுக்குள் விரலை விட்டு எடுக்காமல், பஞ்சில் கொஞ்சம் எடுத்துத் தொட்டு வைக்க வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஐந்து பத்து நிமிடம் ஒற்றினால் எரிச்சலும் வீக்கமும் தணியும். வலி அதிகமானால் பாராசிட்டமால். புளிப்பும் காரமும் உப்பும் புண்ணில் படாமல் சில நாள் மோரும் தயிர்சாதமும் சாப்பிடுவது ஆறுதல். மஞ்சள் இந்த வைரஸை உதட்டில் அடக்கியதாக நம்பத்தக்க சான்று இல்லை. லைசின் என்ற அமினோ அமிலத்தின் மாத்திரைகளையும் ஆராய்ந்து பார்த்தார்கள்; கொப்புளம் வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கெடுக்கிறவையும் உண்டு. சுண்ணாம்பு காரத்தன்மை மிகுந்தது. உதட்டின் மெல்லிய தோலை அது வேகவைத்துவிடும். எலுமிச்சைச் சாறும் ஸ்பிரிட்டும் பற்பசையும் எரிச்சலைக் கூட்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை எடுப்பது, வைரஸ் நிறைந்த நீரைச் சுற்றுப்புறத் தோலில் பரப்புவதோடு பாக்டீரியாவையும் உள்ளே அழைக்கும். இவற்றையெல்லாம் விட ஆபத்தானது, அரிப்புக்கும் முகப் பொலிவுக்கும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு. சிவப்பும் வீக்கமும் சட்டென்று குறைவதால் அது குணமாக்குவதுபோலத் தோன்றும். உண்மையில் அது அந்த இடத்தின் எதிர்ப்பை அடக்கி, வைரஸுக்கு வழிவிடுகிறது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்து மருத்துவர் தருவது வேறு. தனியாக நாமே பூசுவது வேறு.

எச்சில் கணக்கு

பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கத்துக்கு இந்த வைரஸின் முன்னால் நல்ல மதிப்பு உண்டு. கொப்புளம் இருக்கும் நாட்களில் தம்ளர், கரண்டி, துண்டு, உதட்டுச்சாயம், சவர பிளேடு எதையும் பகிரக் கூடாது. புண்ணைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சோப்பு அதை எளிதில் குலைத்துவிடும். பக்கு உதிரும்வரை முத்தமும் வாய்வழிப் புணர்ச்சியும் வேண்டாம். முதல் வகை வைரஸ் உதட்டோடு நிற்பதில்லை, பிறப்புறுப்பிலும் தொற்றும்.

மிகுந்த எச்சரிக்கை வேண்டியது பச்சிளங்குழந்தையிடம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த வைரஸை எதிர்க்கும் வலு இல்லை. மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரைக் குடிக்கக்கூடும். பெயர் சூட்டும் நாளில் பார்க்க வருகிற உறவினர் உதட்டில் கொப்புளத்தோடு வந்தால், முத்தமிடாமல் தள்ளி நின்று ஆசீர்வதிக்கச் சொல்வதை யாரும் அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது, கண். புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்குவதும், காண்டாக்ட் லென்ஸை எச்சிலில் நனைத்து அணிவதும் கருவிழிக்கே வைரஸைக் கொண்டுபோகும். அது தழும்பாகிப் பார்வையைப் பறிக்கலாம்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்? கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால் அன்றே. காய்ச்சலோடு குழப்பமான பேச்சோ வலிப்போ வந்தால் அந்த நிமிடமே, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. மிக அரிதாக இந்த வைரஸ் மூளையைத் தாக்கும், மருந்தில்லாவிட்டால் அதில் பத்தில் ஏழு பேர் இறப்பார்கள். வாய்ப்புண்ணால் குழந்தை தண்ணீர் குடிக்க மறுத்தால், கரப்பான் உள்ள தோலில் கொப்புளம் பரவினால், இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டால், கர்ப்ப காலத்தில் வந்தால், புற்றுநோய் சிகிச்சையிலோ எச்.ஐ.வி.யோடோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் வருகிறவர்களுக்குத் தினமும் சிறிய அளவில் மாத்திரை கொடுத்துத் தடுக்கிற வழியும் உண்டு.

நரம்புமுடிச்சில் ஒளிந்திருக்கும் டி.என்.ஏ.வையே வெட்டி எறியும் முயற்சியும் நடக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தின் ஆய்வாளர்கள், மரபணுவை வெட்டும் நொதிகளைக் கொண்டு எலிகளின் நரம்புமுடிச்சில் இருந்த வைரஸில் 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்ததாக 2020இல் அறிவித்தார்கள். மனிதர்களுக்கு அது வந்து சேரும்வரை நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். தன் உடம்பின் குறுகுறுப்பைத் தெரிந்துவைத்திருக்கிறவர், அந்த மணி நேரத்திலேயே மாத்திரையையோ களிம்பையோ தொடங்கலாம். அதைத் தவறவிட்டவர் எண்ணெயைத் தொட்டு வைத்து, கையைக் கழுவி, குழந்தையை விட்டுத் தள்ளியிருந்து, பத்து நாள் பொறுத்துக்கொள்வதே முழு வைத்தியம்; அதற்கு மேல் செய்கிற செலவு எதுவும் ஒரு நாளைக்கூடக் குறைக்காது.